அரைச் சாண் மண்

என் கணவர் ஜீவராஜ் வவுனியாவில் கண்ணிவெடி அகற்றும் வேலையை விட்டுவிட்டு 2005இல் கொட்டகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். கூடவே வந்தது ஒரு பழைய சூட்கேஸும் பெரிய கேரட் அளவில் ஒரு கருவியும்தான். மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ தங்கமோ இருந்தால் அது கீச்சென்று கத்தும். அவருடைய மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் பிரியும்போது கொடுத்தாராம். ஃபிரிட்ஜ் வரும் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவள் நான். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

வந்த மறுநாளே எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வித்தை காட்டத் தொடங்கிவிட்டார். என் பித்தளை வளையலைக் கழற்றி வாங்கி மண்ணில் புதைத்தார். ஒரு சாண் ஆழம் வரை கருவி கத்தியது. இன்னும் நாலு விரல் கீழே இறக்கிப் புதைத்ததும் வாயை மூடிக்கொண்டது. என் அப்பா பொன்னையா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுத்தானா? ஒரு சாணுக்கு மேல காது கேக்காதா இதுக்கு? இதுக்கு நானே பரவால்ல போல.”

“இது தோண்டுன குழிக்குள்ள விட்டுப் பாக்குறது மாமா. கொஞ்சம் தோண்டணும், கேக்கணும், மறுபடி தோண்டணும்.”

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் மனது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் ஓடிப்போகுமுன், அம்மாவின் தோட்டையும் அட்டியலையும் ஒரு பித்தளைச் செம்பில் போட்டு, மேல்மலையில் கவ்வாத்துசாமி கல்லுக்குப் பக்கத்தில் அப்பா புதைத்தார். மண்வெட்டி பிடித்தவர் அவருடைய தம்பி வீரய்யா. இடம் தெரிந்தது அந்த இரண்டு பேருக்கு மட்டும். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் லயம் கரிந்து கிடந்தது, மழையில் மேல்மலை மண் சரிந்து வந்திருந்தது. அப்பா தோண்டிப் பார்த்தார். செம்பு இல்லை. அடுத்த வருஷம் சித்தப்பா வலப்பனையில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டார். தம்பியைத் திருடன் என்று சொல்ல அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

“அண்ணே, நான் எடுக்கல,” என்று சித்தப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தப்பாவின் தோள்தான். கொட்டகலை ஸ்டேஷனில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு பதுளை ரயிலுக்குக் கை காட்டுவார். எனக்கு வடை வாங்கித் தந்து, “வாயாடிக்கு வரி” என்று அதில் பாதியைத் தானே கடித்துவிடுவார். நான் கத்துவேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும். அவர் போன பிறகு அந்த ரயில் சத்தம் கேட்டாலே எனக்கு அந்தப் பாதி வடைதான் ஞாபகம் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

அம்மா கவரிங் தோட்டோடுதான் செத்துப்போனாள். அன்றைக்குச் சித்தப்பா வந்து ரோட்டு வளைவிலேயே நின்றார். பாடையில் கை வைக்க அப்பா விடவில்லை.

ஆக, அப்பாவுக்குச் செம்பு வேண்டும், எனக்குச் சித்தப்பா வேண்டும். செம்பு இன்னும் மண்ணில் இருந்தால் அவர் திருடர் இல்லை. இல்லையென்றால் அப்பா சொன்னதுதான் கடைசிவரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மேல்மலைக்கு ஏறினோம்.

கவ்வாத்துசாமி என்றால் ஒரு கல், அதன் முன்னால் ஆளுயரத்தில் ஓர் இரும்புச் சூலம், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோ மண் கிளறும் முள்ளோ மண்வெட்டியோ எதுவானாலும் அந்தச் சூலத்தில் வைத்து எடுத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அப்பா இந்தக் கருவியையும் விடவில்லை.

“சூலத்துல வச்சுக்கிட்டே சுவிச்சப் போடுங்க மாப்ள. சாமி உத்தரவு இல்லாம ஒண்ணும் நடக்காது.”

மாமனார் சொல்லைத் தட்ட முடியுமா? ஜீவராஜ் அப்படியே செய்தார். ஒரு சாண் தோண்டி உள்ளே விட்டார். சத்தமில்லை. அப்பா மறுபடி சூலத்தில் வைத்துப் போடச் சொன்னார். இடுப்பளவு குழி ஆகும் வரை இதே பாடு. கருவி வாயே திறக்கவில்லை.

அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். “பாத்துக்கிட்டியா தாயி? மிஷினு பொய் சொல்லாது. அவன்தான் எடுத்துருக்கான்.”

அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜீவராஜ் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினேன்.

“இந்த எழவ யாரு கொண்டாரச் சொன்னது?” என்று பாதைப் பக்கம் விட்டெறிந்தேன். தேயிலைச் செடிகளைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது.

“அடியேய், பாவி!” என்று ஜீவராஜ் அதன் பின்னால் ஓடினார். பாதையில் நின்று மண்ணைத் துடைத்து, உயிரோடிருக்கிறதா என்று சுவிச்சைப் போட்டார். அப்படியே மேலே வந்து, கீழே கிடந்த மண்வெட்டியிடம் காட்டினார். காது கிழிகிற மாதிரி கத்தியது. அவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

“மாமா, இத வெட்டவெளியில தூக்கிப் பிடிச்சுத்தான் போடணும். போடுறப்ப முன்னால என்னா இருக்கோ, அத ஒண்ணுமில்லன்னு கணக்குல எடுத்துக்கும். அம்மாம் பெரிய இரும்புல வச்சுப் போட்டா, அதுக்கு அப்புறம் செவிடுதான். வவுனியாவுல இப்புடி ஒரு தடவையும் செஞ்சதில்ல. நீங்க சொன்னதும் மறந்து போயிட்டேன்.”

ஜீவராஜ் குழியில் இறங்கி நாலு பக்கமும் கருவியைக் காட்டினார். பள்ளத்துப் பக்கச் சுவரில் அது கத்தத் தொடங்கியது. நானும் குழிக்குள் குதித்து, அந்த இடத்தைக் கையாலேயே பறித்தேன். அரைச் சாண் மண்தான் உதிர்ந்தது. பச்சை பிடித்த செம்பின் வயிறு தெரிந்தது.

தோடு, அட்டியல், எல்லாம் அப்படியே இருந்தன. அப்பா செம்பை மடியில் வைத்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து அழுதார். மழை மண்ணோடு செம்பும் கொஞ்சம் சரிந்திருக்கிறது, அவர் அன்று தோண்டிய குழியை ஒட்டியே கிடந்திருக்கிறது. என்னால் அவருக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் அப்பாவும் நானும் வலப்பனைக்கு பஸ் ஏறினோம். சித்தப்பாவின் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாயாடி!” என்றார். அப்பாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அப்பா செம்பை மேசையில் வைத்தார்.

“கெடைச்சிருச்சுடா வீரய்யா. அங்கனயே இருந்துருக்கு. மாப்ள மிஷின வச்சு எடுத்தாரு.”

சித்தப்பா செம்பைத் தொடவில்லை. நிதானமாகத் தேத்தண்ணி ஆற்றி, முதல் கிளாஸை அப்பாவிடம் நீட்டினார்.

“கெடைச்சிருச்சு, சரி. கெடைக்காம போயிருந்தா, அண்ணே?”

அப்பா கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“கெடைக்காட்டியும் இன்னைக்கு வந்திருப்பேன்டா,” என்றார் அப்பா.

பச்சைப் பொய். குழிக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். சித்தப்பா அங்கே இல்லாவிட்டாலும் தன் அண்ணனை அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து பெஞ்சைத் துடைத்தார்.

“நின்னுக்கிட்டே குடிக்காதீங்க,” என்றார். “உக்காருங்கண்ணே.”