பெர்மெத்தின் ஆட்டு மந்தை

மத்தியான விருந்துக்கு ஆட்டுக்கறி வேகும் வாசனை மாடிவரை வந்துவிட்டது. ஜூமார்த்துக்கு மட்டும் பசியில்லை. கணினியில் பெர்மெத்தின் பக்கத்தைத் திறந்து, அவள் பெயருக்குக் கீழே இருந்த பதவியைப் பார்த்தார். இன்னும் ‘பொறியாளர்’தான். நிம்மதியாக மூடினார். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தார்.

பிஷ்கெக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் விவரப் பட்டியலுக்கு அவர் ஒருவர்தான் நிர்வாகி. யாரையும் சேர்ப்பார், நீக்குவார். பதவி என்ற கட்டத்தை மட்டும் அவரவரே நிரப்பலாம்; எதைத் தட்டினாலும் மென்பொருள் ஏனென்று கேட்காது. அந்தத் தைரியத்தில் தனக்கு ‘தலைமைத் தகவல் கட்டமைப்பு மூத்த ஆலோசகர்’ என்று போட்டுக்கொண்டிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் படித்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த பெர்மெத் அதைத்தான் பாதுகாப்பு ஓட்டை என்றாள். பதவிக்குப் பதில் நிரல் வரிகளை எழுதினாலும் அந்தக் கட்டம் விழுங்குகிறதாம். நிர்வாகி அந்தப் பக்கத்தைத் திறந்ததும், அவருடைய அதிகாரத்திலேயே அவை வேலையைக் காட்டுமாம். அதிலிருந்து துணைவேந்தர் சகின்பெக் அவள் பெயரைத் தப்பில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டார். காலியாக இருந்த பிரிவுத் தலைவர் நாற்காலி அவள் பக்கம் திரும்பிவிட்டதாக ஜூமார்த்துக்குத் தோன்றியது. 

விருந்துக்கு முன் கூட்டம். “ஓட்டை இருக்கலாம் ஐயா,” என்றார் ஜூமார்த் பெருந்தன்மையாக. “ஆனா நிர்வாகி திறந்தாத்தானே ஆபத்து? இத்தனை பேர் இருக்கிற பட்டியல்ல இந்தப் பொண்ணோட பக்கத்தைத் தேடிப்போய் யாரு திறக்கப்போறா? எனக்கு வேற வேலை இல்லையா?”

“நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்,” என்றாள் பெர்மெத். “ஐயாகிட்ட சொல்லிட்டு, சோதனைக்கு என் பதவிக் கட்டத்துல ஒரு வரி ஒளிச்சு வெச்சேன். நிர்வாகி திறக்கிறப்பல்லாம் வேற ஒரு பக்கத்துல ஒரு ஆட்டுப் படம் வந்து சேரும். அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு வந்தாலே அதிகம்னு பார்த்தேன்.”

அந்த இணையப் பக்கத்தை அவள் சுவரில் திரையிட்டாள். ஆடுகள். கோடையில் மலையேறும் மந்தைபோல வரிசை வரிசையாக, அவள் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

“அடேயப்பா, என் மாமனார்கிட்டகூட இவ்வளவு இல்ல,” என்றார் கணக்குப் பிரிவுக்காரர். “மேய்க்கிறது யாருப்பா?”

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

“சாப்பிடப் போவோம்,” என்றார் சகின்பெக். “வெறும் வயித்தோட ஆட்டைப் பார்க்கக் கூடாது.”

எலும்புகளை அவரே பங்கிட்டார். அங்கே ஆளின் மதிப்பை எலும்புதான் சொல்லும்; வாய் பிறகு சொன்னாலும் போதும். வழக்கமாக ஜூமார்த்துக்கு வரும் தொடை எலும்பு பெர்மெத்தின் தட்டுக்குப் போனது. அவருக்கு ஒரு விலா.

பெர்மெத் எழுந்து வந்து, தன் எலும்பை அவர் தட்டில் வைத்தாள்.

“நீங்க எடுத்துக்கங்கண்ணே. என் வேலையை இவ்வளவு அக்கறையா வேற யாரு பார்த்திருக்கா?”

கேலியா என்று அவள் முகத்தில் தேடினார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.  எலும்பிலிருந்து எழுந்த ஆவி அவர் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. தட்டின் ஓரத்தில் கொழுப்பு மெல்ல வெள்ளையாக உறையத் தொடங்கியது.