ஊதாப் பயணியும் ஒரு தலையாட்டலும்

பொத்தான் மொத்தக் கடையின் கல்லாவில் அண்ணி உட்கார்ந்துவிட்டால், அவள் யானை விலை சொன்னாலும் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அவளுடைய பேச்சு ஒரே ஒரு ஆளிடம்தான் எடுபடவில்லை. ஊரில் வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பதிவு செய்யும் குழுவில் எந்தப் படத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தீர்ப்புச் சொல்லும் பல் டாக்டர் அவர்.

போன வருடம் மழைக்காற்றோடு கடல் தாண்டி வந்த ஊதாப் பயணி என்ற வண்ணத்துப்பூச்சியை அண்ணி படம் பிடித்து அனுப்பினாள். இந்த ஊரில் அதுவரை யார் கண்ணிலும் பட்டிராத பூச்சி. படத்தில் இறக்கை மூடியிருந்ததால் டாக்டர் தள்ளிவிட்டார். இறக்கையை மூடிக்கொண்டால் அதுவும் வேலியோரம் திரியும் சாதாரணப் பூச்சியும் அச்சு அசல் ஒன்றுதான். திறந்தால்தான் உள்ளே இருக்கும் ஊதா தெரியும்.

"வாயைத் திறக்காமலே பல்லைப் பார்க்கச் சொல்றீங்களேம்மா" என்றார் டாக்டர். அண்ணிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இந்த வருடம் காற்று வீசத் தொடங்கியதும், கடைக் கிடங்கின் பின்பக்கக் காலிமனையே கதியென்று கேமராவோடு கிடந்தாள். பூச்சிகள் வந்திருந்தன. ஆனால் உட்கார்ந்த கையோடு இறக்கைக் கதவைச் சாத்திக்கொண்டன. காற்று திசை மாறினால் மூட்டை கட்டிவிடும். அப்புறம் இன்னொரு வருடம் டாக்டரின் கிண்டலைச் சுமக்கவேண்டும்.

அந்த மதியம் அவள் கொழுந்தன், கடைக்குச் சரக்குப் பிடிப்பவன், போனில் யாரையோ வறுத்தெடுத்தபடி கிடங்கிலிருந்து வெளியே வந்தான். உள்ளே வெந்த வெக்கையில் வழுக்கைத் தலை முழுக்க வியர்வை. அவன் போனைப் பைக்குள் போடவும், அந்தத் தலையில் ஒன்று வந்து உட்காரவும் சரியாக இருந்தது.

"தம்பி! அசையாதே. தலையில இருக்கு."

"என்னது, பல்லியா?"

"ஊதாப் பயணி மாதிரி இருக்கு. உன் வேர்வையைக் குடிக்குது. உப்புன்னா அதுக்கு உசிரு."

"பரவாயில்லையே. என் உழைப்போட ருசி யாருக்காவது தெரிஞ்சுதே!"

அண்ணி பூனைபோல அடியெடுத்து நெருங்கினாள். கேமராவைத் தொடர்ந்து படம் எடுக்கும்படி மாற்றி, விரலைப் பொத்தானில் வைத்தாள். பூச்சி நிம்மதியாகக் குடித்தது. இறக்கை மூடியே இருந்தது.

"திறடா ராஜா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினாள்.

கொழுந்தனின் முகத்தில் ஒரு யோசனை பளிச்சிட்டது. சரக்கு தன் தலைமேல். வாங்குகிற ஆள் எதிரே, அதுவும் பறக்காவெட்டி மாதிரி. ஒரு வியாபாரிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"அண்ணி, கிடங்குக்கு ஒரு ஏசி வேணும். அண்ணன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறார். நீங்க சொன்னா நடக்கும்."

"பேரம் பேசற நேரமாடா இது?"

"பின்னே? பறந்துட்டா என்னை யாரு மதிப்பா?"

"சரி, ஒரு டேபிள் ஃபேன்."

அங்கேதான் கெட்டது. எதிராளி முதலில் சொல்கிற விலை எதுவானாலும் சரி, அது மூளைக்குப் போய்ச் சேருமுன் கொழுந்தனின் தலை இடவலமாக ஆடிவிடும். கடையிலேயே பிறந்து வளர்ந்த பழக்கம். ஆடியது. பூச்சி எகிறியது. பதறிப்போன அண்ணியின் விரல் அழுந்த, கேமரா படபடவென்று பொரிந்தது.

காலிமனை காலியாகவே நின்றது.

"சத்தியமா நான் ஆட்டல அண்ணி. அதுவா ஆடிருச்சு."

அண்ணி கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மங்கல். மறுபடி மங்கல். அடுத்ததில் கீழே பளபளவென்று வழுக்கை, அதன்மேல் ஒரு விரற்கடை உயரத்தில் இறக்கை முழுக்க விரிந்து, புது சாட்டின் ரிப்பன் மாதிரி ஊதா. நரம்புகள்கூடத் தெரிந்தன. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சாயங்காலமே டாக்டரிடமிருந்து பதில் வந்தது. "ஏற்றுக்கொண்டோம். ஊரின் முதல் பதிவு, வாழ்த்துகள். கீழே வழவழப்பாக இருப்பது என்ன பாறை?"

"எங்க வீட்டுப் பாறைதான் டாக்டர்" என்று எழுதிப் போட்டுவிட்டு, அண்ணி கொழுந்தனைக் கூப்பிட்டாள். "ஏசி போட்டுடலாம்டா. அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

கொழுந்தனுக்குப் பகீரென்றது. கேட்ட மாத்திரத்தில் ஒருத்தர் ஒத்துக்கொண்டால் அதில் ஏதோ வில்லங்கம் இருந்தே தீரும்.

"வேணாம் அண்ணி. ஃபேனே போதும்."

"ஏசி."

"சின்ன ஃபேன்."

"பெரிய ஏசி!"

கொடுப்பவள் ஏற்றிக்கொண்டே போக, கேட்டவன் இறக்கிக்கொண்டே வர, கடையைச் சாத்தும்வரை அந்தப் பேரம் படியவே இல்லை.