சீர் தட்டில் வந்த பேசின்

கடைக்குள் நுழைந்ததுமே வளர்மதி உட்கார இடம் தேடினாள். காஞ்சிபுரத்தின் அந்த டைல்ஸ் ஷோரூம் கல்யாண மண்டபம் மாதிரி பரந்து கிடந்தது. ஆனால் உட்காருவதற்கென்று அங்கே இருந்தவை, வரிசையாக நிறுத்தி வைத்திருந்த வெஸ்டர்ன் கக்கூஸ்கள்தான்.

"இன்னாக்கா, அதுக்குள்ள டயர்டா?" என்று சிரித்தான் தம்பி வினோத்குமார்.

அவள் இருட்டோடு எழுந்து, மாட்டைக் கறந்து, சமைத்து, மாமனாருக்கு முகம் கழுவிவிட்டு, காவாந்தண்டலத்திலிருந்து கணவன் மோகன்குமாரின் பைக்கில் வந்திருந்தாள். பாலாற்றுப் பாலத்தில் காற்று அடித்தபோது அவன் முதுகில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டாயிற்று. அது போதவில்லை.

புது வீட்டுக்கு வைகாசியில் நாள் பார்த்திருந்தார்கள். வைகாசியை விட்டால் ஆவணிதான். அதனால் பாத்ரூம் வேலை முடியாமலே கிரகப்பிரவேசம் என்று முடிவாகிவிட்டது. சுவருக்கு டைல்ஸ் ஒட்டியாயிற்று. குழாயும் வாஷ்பேசினும்தான் பாக்கி.

வளர்மதிக்கு வீட்டில் வேறு எதைப் பற்றியும் கவலை இல்லை. அந்த பேசின் ஒன்றுதான்.

மாமனார் கன்னியப்பனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் தடியை ஊன்றி நடப்பார். நின்றால் அந்தக் கை தடியை விட முடியாது. முகம் கழுவ வேறு கை ஏது? தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மோவாய்க்குக் கீழே நீல நிற பிளாஸ்டிக் டப் ஒன்றைப் பிடிப்பாள். அவர் பல் தேய்த்து அதில் துப்புவார். அவள் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிடுவாள். துப்பும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மாமியார் தாயாரம்மாளுக்கு முட்டி வலி. குனிந்தால் நிமிர்த்த ஓர் ஆள் வேண்டும். ஆகவே டப் வளர்மதியின் கையை விட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒருநாள் துப்பி முடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏம்மா வளரு, புது வூட்ல நானே கழுவிக்கிலாமா?"

"கழுவிக்கலாம் மாமா. ஒக்காந்துகினே கழுவுற மாதிரி தாழ்வா வெச்சிடலாம்."

அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில், "பைப்பு வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் மனதில் இருந்தது சுவரில் மாட்டுகிற சாதாரண வெள்ளை பேசின். அடியில் காலை நீட்ட இடம் இருந்தால் போதும். ஆனால் திருப்புட்குழியிலிருந்து வினோத் போன் போட்டுவிட்டான். "அக்கா, குத்துவெளக்கு, குடம்னு கொண்டாந்தா எவன் திரும்பிப் பாக்குறான்? உன் பாத்ரூம் பேசினு என் சீரு." அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

டை கட்டிய சேல்ஸ்மேன் அவர்களை உள்ளே அழைத்துப் போனான். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் விதவிதமாக பேசின்கள். இலை வடிவம், சதுரம், நீலப்பூ போட்டது. வினோத் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். கன்னங்கரேலென்று, பளபளப்பில்லாமல், விளிம்பில் மட்டும் தங்கக் கோடு ஓடிய பெரிய கிண்ணம்.

"டேபிள் டாப் சார். கீழ கப்போர்டு, அதுக்கு மேல கிரானைட்டு, அதுக்கு மேல இது ஒக்காரும். ஸ்டார் ஓட்டல்ல எல்லாம் இதான்" என்றான் சேல்ஸ்மேன்.

வினோத் விரலால் தட்டிப் பார்த்தான். ணங் என்றது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "மாமா, இன்னா சொல்றீங்க?"

"சூப்பரா கீது மச்சான்" என்றான் மோகன்குமார், ஷவரைப் பார்த்தபடி.

மேல் அலமாரி எட்டுவதற்காகப் போட்டிருந்த ஸ்டூலை வளர்மதி இழுத்து, அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அப்பாடா என்று இருந்தது. விளிம்பு அவள் மோவாய்க்கு நேராக நின்றது. கால்முட்டி கப்போர்டில் இடித்தது.

"வினோத்து, இங்க பாரு. ஒக்காந்தா கை எங்க எட்டுது?"

சேல்ஸ்மேன் சிரித்துவிட்டான். வினோத்தும் சிரித்தான். "ஐய, இத நின்னுகினு கழுவணும்க்கா!"

"எங்க மாமனாரால நிக்க முடியாதுடா."

"அவருக்குத்தான் நீ கீறியே!"

பெருமையாகத்தான் சொன்னான். அக்கா மாதிரி மாமனாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள் யார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் அவன்.  வளர்மதி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தபோது பில் போட்டாகிவிட்டது.

வெளியே பைக் அருகில் கணவனிடம் கேட்டாள். "ஒரு வார்த்த நீ சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சீர்னு வர்றத நான் வேணாம்னா மச்சான் அப்புறம் வாசப்படி மிதிப்பானா? உன் தம்பி, நீ சொல்லு."

"சொன்னேன். சிரிக்கிறான்."

"அப்போ நான் இன்னா பண்றது?"

"தனியா இன்னொண்ணு வெக்க முடியாதா?"

"ஒரு பேசினுக்குத்தான் பைப்பு லைனு விட்டுகீது. டைல்ஸ ஒடைக்கச் சொல்றியா?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை கன்னியப்பன், "பைப்பு வாங்கியாச்சா?" என்று கேட்டார். "வாங்கியாச்சு மாமா" என்றாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு டப்பில் துப்பினார். அவள் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் அவர் சட்டை மேலேயும் போனது.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் சீர் தட்டுகளைப் பரப்பினார்கள். அங்கிருந்து மேளத்தோடு வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். வளர்மதி ஆரத்தித் தட்டோடு எதிர்கொள்ளப் போனாள். ராத்திரி முழுக்க ஹோமத்துக்கு எடுத்து வைத்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. சீர் வாங்கிக்கொள்ள வேண்டிய மாமியார் தாயாரம்மாள் கோயில் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

வினோத்தின் மனைவி சசிரேகா தட்டுகளை எண்ணிவிட்டு உதட்டைக் கடித்தாள். "ஏங்க, ரெட்டப்படையில நிக்குதுங்க."

இரட்டைப்படையில் சீர் எடுக்கக் கூடாது. வினோத் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி அட்டைப்பெட்டியைக் கிழித்தான். "இத ஒரு தட்டுல வையி. பொட்டியோட போனா எவனுக்குத் தெரியும், உள்ள இன்னா கீதுன்னு?" கறுப்புக் கிண்ணத்தைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தான். சுற்றி நின்ற பெண்கள் ஆ என்றார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேளக்காரர் இன்னும் டீக்கடையிலேயே நிற்கிறார் என்று சத்தம் போட ஓடினான்.

தாயாரம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னாடி அது, உருளியா? தங்கக் கோடு போட்டு நல்லா கீதே. ஏண்டி, வெறும் பாத்திரத்தயா புது வூட்டுக்குள்ள தூக்கினு வருவீங்க? அரிசி ரொப்புங்க."

"அத்த, இது வந்து..." என்று ஆரம்பித்த சசிரேகா வளர்மதியைப் பார்த்தாள்.

எல்லோரும் வளர்மதியைப் பார்த்தார்கள். பேசின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியார் முகம் சுளித்து அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்வாள். வேறு ஏதாவது ஒரு தட்டு தேறும். நாளை மறுநாள் பிளம்பர் முத்துவேல் அதைக் கிரானைட் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போவான். அதற்கடுத்த நாள் காலையும் அதே நீல டப்தான்.

வளர்மதி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு வெற்றிலையை எடுத்து, கிண்ணத்தின் அடியில் இருந்த ஓட்டையை மூடினாள். மஞ்சளைக் குழைத்து வெளிப்பக்கம் மூன்று இடத்தில் அப்பினாள். அதன்மேல் குங்குமம்.

"அரிசி எடு சசி."

"அண்ணி!"

"எடுன்றேன்."

சசிரேகா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அரிசிப் பையை அவிழ்த்தாள். அரிசி விளிம்பு வரை நிறைந்தது. மேலே வெல்லம், மஞ்சள் கிழங்கு, ஒரு முழம் மல்லிகை.

மேளம் முன்னால் போயிற்று. வினோத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அரிசியும் பூவுமாக வருகிற தன் பேசினைப் போட்டோ எடுத்துக்கொண்டான். பெண்கள் அழகு பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தான். தெருவில் நின்றவர்கள், "யார் சீரு?" என்று கேட்டபோதெல்லாம் கையைத் தூக்கினான்.

கிண்ணம் நேராகப் பூஜை அறைக்குப் போனது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அதிலிருந்து இரண்டு கை அரிசி அள்ளி, புது அடுப்பில் முதல் பொங்கல் வைத்தார்கள். ஊரே சாப்பிட்டது.

பந்தி முடிந்த பிறகு, ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான் பிளம்பர் முத்துவேல். "சார், அந்த பேசினக் காட்டுனா அளவு எடுத்துக்கினு போயிடுவேன்."

வினோத் பூஜை அறையைக் காட்டினான். "அதோ, வெளக்காண்ட."

தாயாரம்மாள் நாற்காலியிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்துவிட்டாள். "இன்னாது? எதுக்கு அளவு?"

"பாத்ரூம்ல வெக்கிறதுக்கு அத்த. மூஞ்சி கழுவ, பல்லு தேய்க்க."

"அதுலயா? அரிசி ரொப்பி, கற்பூரம் காட்டி, பொங்கல் வெச்சி ஊரே துன்னுட்டுப் போயிகீது. அதுல எச்சி துப்புவியாடா நீ?"

"அது பேசினு அத்த! கடையில பேசின்னுதான் வித்தான்!"

"கடக்காரன் வித்தான்னா? மஞ்சா குங்குமம் வெச்சா அது லட்சுமிடா. தொட்டுப் பாரு, சொல்றேன்."

முத்துவேல் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "எனக்கு வேணாம் சார். சாமியாண்டருந்து நான் எடுக்க மாட்டேன். வேற வாங்கி வெச்சிட்டு போன் பண்ணுங்க."

மோகன்குமார் தொண்டையைக் கனைத்தான். "அம்மாவே சொல்லிட்டாங்க மச்சான். நான் இன்னா பண்றது?" இந்தத் தடவை அந்த வார்த்தையில் ஒரு நிம்மதி இருந்தது.

வளர்மதி கொல்லைப்புறத்தில், கழுவ வேண்டிய அண்டாக்களுக்கு நடுவில் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். வினோத் வேகமாக வந்தான்.

"மஞ்சா வெச்சது நீதானாமே. சசி சொல்லுச்சி."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஊரக் கூட்டி என்ன அசிங்கப்படுத்திட்டியேக்கா! வேணாம்னா வேணாம்னு சொல்றதுதானே?"

"கடையில ஸ்டூலப் போட்டு ஒக்காந்து சொன்னேன். நீ சிரிச்ச."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. வினோத் சண்டைக்கு இன்னும் இரண்டு வார்த்தை வைத்திருந்தான். அதற்குள் அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். "தெனம் டப்புல துப்பறாருடா. கண்ண மூடிக்கினு துப்பறாரு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவனுக்கு அது தெரியாது. அவன் வருகிற நேரத்தில் மாமனார் எப்போதும் சட்டை போட்டு, முகம் துடைத்து உட்கார்ந்திருப்பார்.

உள்ளே தாமதமாக வந்த யாரோ ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது. "இந்தக் கறுப்பு உருளி யாரு வெச்சது?" தாயாரம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "எங்க வளரு தம்பி. திருப்புட்குழியாரு. காஞ்சிபுரத்துலயே பெரிய கடையில வாங்கினதாம்."

வினோத் அந்தப் பக்கம் பார்த்தான். மூக்கைச் சொறிந்தான். பக்கத்துச் செங்கல்லில் உட்கார்ந்தான்.

"இனிமே உனக்கு எதுனா வாங்கினா பொட்டியப் பிரிக்க மாட்டேன்க்கா" என்றான்.

"பிரிக்காத."

வெள்ளை பேசினை அந்த வாரமே முத்துவேல் வந்து மாட்டினான். "இவ்ளோ தாழ்வாவா? முட்டி போட்டுக்கினுதான் கழுவணும்" என்று முனகிக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்கினான்.

மறுநாள் காலை, வளர்மதி பழக்க தோஷத்தில் நீல டப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாத்ரூமில் நாற்காலியைப் போட்டு மாமனாரை உட்கார வைத்தாள். அவர் கால்கள் பேசினுக்கு அடியில் தாராளமாகப் போயின. தடியைச் சுவரில் சாய்த்தார். இடது கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ போம்மா" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு, டப்பைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. காறித் துப்புகிற சத்தம், ஊருக்கே கேட்கிற மாதிரி. மறுபடியும் தண்ணீர். அவளுக்குக் கண் சொக்கியது.

கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வந்து அவள் பாதத்தை நனைத்தது. உள்ளே தரை முழுக்கத் தெப்பமாகத்தான் இருக்கும். துடைக்க வேண்டும். பாதத்தை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வளரு, துண்டு!" என்று கூப்பிட்டார் கன்னியப்பன்.

"வரேன் மாமா" என்றாள். எழுந்திருக்க இன்னும் சற்று நேரம் ஆயிற்று.