பின்சீட்டு

பெட்டியின் மூடியில் பதினான்கு ஆணிகள் அடித்திருந்தார்கள். செல்வநாயகி முதல் ஆணியின் தலையைக் குறடால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனின் குறடு அது. ஈரம் காயாத பலகை, புது ஆணி. அசையவே இல்லை.

"வேணாம்க்கா," என்றான் இப்ராஹிம். பெட்டியை ஏற்றி வந்த லாரியோடு கூட வந்தவன் அவன். இரண்டு கைகளிலும் முழங்கைவரை துணி சுற்றியிருந்தது. ஒரு பக்கத்துப் புருவம் கருகிப் போயிருந்தது.

"முகத்தை ஒருக்காப் பார்த்திட்டு மூடி வைக்கிறன், தம்பி. நான் கத்தமாட்டன்."

"பாக்கிற மாதிரி இல்லக்கா."

குறடு இன்னும் ஒரு முறை ஆணியைப் பிடித்தது. பிறகு அவள் அதைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னபடி அவள் கத்தவில்லை.

கனகேஸ்வரி அறை வாசலில் நின்றாள். பதினாறு வயது. கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் பட்டாளம் வந்து தங்கியதிலிருந்து படிப்பு நின்று வீட்டோடு இருப்பவள். சுவர்க் கடிகாரம் மூன்று என்றது. அது ஜப்பான்காரன் மாற்றி வைக்கச் சொன்ன டோக்கியோ நேரம். வெயில் இன்னும் உச்சியில்தான் இருந்தது. காலையில் காரில் ஏறிப் போன அப்பா இப்போது பெட்டியில் வந்திருந்தார்.

விஸ்வலிங்கத்தைத் தெருவில் எல்லோரும் கிராணியார், அதாவது குமாஸ்தா, என்பார்கள். எஞ்சின் கிராணியார். சண்டைக்கு முன்னால் தோட்டத்து வெள்ளைக்காரர் மூன்று பேர் பணம் போட்டுச் சீமையிலிருந்து ஒரு மோட்டார் கிளைடர் வரவழைத்திருந்தார்கள். நீளமான இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற அளவில் ஓர் எஞ்சின். மேலே ஏறும்வரைதான் எஞ்சின் வேண்டும். ஏறியபின் அதை நிறுத்திவிட்டால் பருந்து மாதிரி இறக்கையிலேயே மிதக்கும். அது பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதித்து, பறக்கத் தகுதி என்று அச்சடித்த பாரத்தில் கையெழுத்துப் போடுவது விஸ்வலிங்கத்தின் வேலை. பழுது கண்டால் எஞ்சின் முன்னால் சுழலும் காற்றாடியில் சிவப்புச் சீட்டைக் கம்பியால் கட்டிவிடுவார். அதை அவரைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது.

அவர் கையெழுத்து வாங்குவது பெரிய பாடு. "கிராணியாருகிட்ட கையெழுத்து வாங்குறதுக்கு, ஒரு மாமியார்கிட்ட நல்ல பேரு வாங்கிடலாம்," என்பான் இப்ராஹிம். கிளைடர் ஏறி இறங்கும் திடலில் அவன்தான் மெக்கானிக். சூலியா தெருவில் வீடு.

பாரத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு விதி இருந்தது. பழுது பார்த்த எஞ்சினுக்குக் கையெழுத்துப் போட்டவரே முதல் பறப்பில் பின்சீட்டில் உட்கார வேண்டும். அதை விஸ்வலிங்கமே முதலாளிகளிடம் கேட்டு எழுதவைத்தார். "நான் ஏறுவன் எண்டால்தான் நான் ஒழுங்காப் பார்ப்பன்," என்று காரணமும் சொன்னார். அப்படி முதல் தடவை ஏறிப் போய்த் தன் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு வந்த கதையை அன்று சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினார். கனகேஸ்வரிக்கு அப்போது பத்து வயது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

ஜப்பான்காரன் வந்தான். முதலாளிகள் கப்பலேறிப் போனார்கள். கிளைடர் கொட்டகைக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. இந்த வருஷம் மாற்றலாகி வந்த ஓர் இளம் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, குழந்தை பொம்மையைப் பார்த்ததுபோல் ஆசைப்பட்டுவிட்டான். விஸ்வலிங்கத்தையும் இப்ராஹிமையும் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் வேலையில் போட்டார்கள்.

பெட்ரோல் குழாயில், புகைக்குழாய்க்குப் பக்கத்தில், மயிர் இழை அளவு ஒரு விரிசல். இப்ராஹிம் இரண்டு தடவை ஈயம் வைத்து ஒட்டினான். எஞ்சின் அரைமணி நேரம் ஓடி அதிர்ந்ததும் இரண்டு தடவையும் விரிசல் வாயைத் திறந்தது. புதுக் குழாய் சீமையிலிருந்து வரவேண்டும். சண்டைக்குள் சீமையிலிருந்து எந்தக் கப்பல் வரும்? விஸ்வலிங்கம் சிவப்புச் சீட்டைக் கட்டினார்.

எஞ்சின் நின்றால் என்ன, இது கிளைடர்தானே, மிதந்து இறங்கிவிடும் என்று அதிகாரி துபாஷி மூலம் சொன்னான்.

"நிண்டால் மிதக்கும். தீப்பிடிச்சால் தீயோடை மிதக்கும். அதையும் சொல்லுங்கோ," என்றார் விஸ்வலிங்கம்.

துபாஷி அதையும் சொன்னான். அன்று வீட்டுக்கு வந்தவரின் இடது கன்னத்தில் நாலு விரலும் தெரிந்தன. பல்வலி என்று செல்வநாயகியிடம் சொன்னார். அவளும் கிராம்பு எடுத்துக் கொடுத்தாள்.

அது போன வாரம். இந்த வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்றிக் கிடந்தபோது இப்ராஹிம் பாரத்தைக் கொண்டுவந்து படியில் நின்றான். செல்வநாயகி மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள்.

"நாளைக்குள்ள கையெழுத்து வரலன்னா ஆளையே தூக்கிட்டு வரச் சொல்லிருக்கான், தங்கச்சி. அப்பாட்ட சொல்லு. நான் நிக்கிறேன்."

தூக்கிக்கொண்டு போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பின்தெருவில் தியாகராஜா மாமாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவருக்கு இன்றைக்கும் அவர் பெண்சாதிதான் கஞ்சி ஊட்டுகிறாள். கரண்டி பிடிக்க அவரிடம் விரல்கள் சரியாக இல்லை. கனகேஸ்வரி பாரத்தை அறைக்குள் கொண்டுபோனாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். நாலு மாதமாக அவர் விரல்களும் மரத்துப்போய்த்தான் இருந்தன. அரிசி கிடைக்காத வீட்டில் எல்லோருக்கும் வருகிற வியாதி. அவர் அறிக்கைகளை அவள்தான் எழுதிவந்தாள். கம்பி, எண்ணெய், திருகாணி என்று சில்லறைச் சீட்டுகளுக்கு, "நீயே போட்டுவிடு, ஆருக்குத் தெரியப்போகுது," என்று கையெழுத்தையும் விட்டுவிட்டார். அந்த வி-யின் வளைவும் கடைசியில் இழுத்து விடுகிற கோடும் அவள் கைக்குப் பழகியிருந்தன.

அவள் அவரை எழுப்பவில்லை. எழுப்பினால் மாட்டேன் என்பார்.

சமையலறை மேசையில் வைத்து அவர் கையெழுத்தைப் போட்டாள். கடைசி வரியிலிருந்த பின்சீட்டு விதியையும் பார்த்தாள். அது வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போன விதி என்று நினைத்தாள். மை காயும்வரை ஊதினாள்.

"அப்பா போட்டிட்டார்," என்று இப்ராஹிமிடம் கொடுத்தாள். அவன் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அல்லாவே," என்று மட்டும் சொல்லிப் போனான்.

வெள்ளி கழிந்தது. யாரும் வரவில்லை. அவள் சமையலறையில் தன்னை மறந்து பாடக்கூடச் செய்தாள். சனிக்கிழமை காலை கார் வந்தது. காய்ச்சல் விட்டிருந்த விஸ்வலிங்கம், கையெழுத்துப் போடாததற்குத்தான் விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சட்டையை மாட்டினார். "அடிச்சாலும் இண்டைக்கு ஒரு முடிவு வரும்," என்றார். அவித்த மரவள்ளியைக் கேரியரில் வைத்துக் கொடுத்தவள் கனகேஸ்வரிதான். அப்போது சொல்லியிருக்கலாம். கேரியரின் கொக்கியைச் சரியாக மாட்டிக் கொடுத்தாள்.

"இத உங்கட்ட குடுக்கச் சொன்னாரு," என்றான் இப்ராஹிம் இப்போது. லாரியிலிருந்து முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்த கேரியரைச் செல்வநாயகியின் முன் வைத்தான். சட்டைப் பையைக் காட்டினான். "தங்கச்சி, நீ எடு. எனக்கு விரலு மடங்காது."

கனகேஸ்வரி எடுத்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடி. ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"ஏற முன்னால கழட்டிக் குடுத்தாரு. கேரியரையும் குடுத்தாரு. வீட்ல சேத்துடுன்னாரு."

"ஏறச் சொன்னது ஆர்?" என்றாள் செல்வநாயகி.

"அந்த அதிகாரிக்குப் பாரத்துல அந்தக் கடைசி வரி ரொம்பப் புடிச்சுப்போச்சுக்கா. நல்ல விதி, அப்படியே நடக்கட்டும்னுட்டான். கிராணியாரு, எனக்கு விளங்கல, நான் என்னத்தப் போட்டேன்னாரு. பாரத்த எடுத்துக் காட்டினாங்க. ரொம்ப நேரம் பாத்தாரு. என்னப் பாத்து, இது ஆர் உன்னட்டைத் தந்ததுன்னு கேட்டாரு. தங்கச்சிதான் உள்ளருந்து கொண்டாந்துச்சுன்னேன்."

அறை வாசலின் நிலையைக் கனகேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம் கையெழுத்து மேல விரல வச்சுத் தடவினாரு. சிரிச்சாருக்கா. நல்லாத்தான் போட்டிருக்குன்னாரு. காய்ச்சல்ல போட்டத மறந்துட்டேன், என்ர கையெழுத்துத்தான்னு துபாஷிட்ட சொன்னாரு. தான் போட்ட கையெழுத்தப் பாத்துத் தானே மெச்சிக்கிற ஆளா அவரு? எனக்கு ஒண்ணும் புரியலக்கா. கிராணியாரே, அந்தக் குழாய் தாங்காது, உங்களுக்குத் தெரியும்னு காதுல சொன்னேன். தெரியும், நீ ஒண்டும் பேசாதைன்னுட்டாரு. சிவப்புச் சீட்ட அவரு கையாலயே அவுத்தாரு. முன்சீட்டுல ஓட்ட அவன் ஆளு ஒருத்தன ஏத்தினான்."

செல்வநாயகி கேரியரைத் திறந்தாள். மரவள்ளித் துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. திரும்ப மூடினாள்.

"உடனே விழுந்ததோ?"

"இறக்கை நல்ல இறக்கைக்கா, ரொம்ப நேரம் மிதந்துச்சு," என்றான் இப்ராஹிம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

விஸ்வலிங்கத்துக்கு அண்ணன் முறையான அப்புத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர். தெருவுக்குப் பொறுப்பாளாக ஜப்பான்காரன் அவரைத்தான் வைத்திருந்தான். கையில் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன. செல்வநாயகியிடம் பேசினார்.

"தங்கச்சி, விறகுக்கு ஆள் அனுப்பியாச்சு. வெள்ளைச் சீலை எங்கையும் இல்லை, என்ர வேட்டி ஒண்டு தாறன். இதிலை வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்து வைச்சால்தான் சுடலைக்கு விடுவினம். சுணங்கினால் பொழுது பட்டிடும்."

"என்ன எழுதியிருக்கு?"

அவர் வாசித்தார். "இறந்தவர் தானே சோதிச்சுத் தகுதி எண்டு சான்று குடுத்த எஞ்சின். அவரின்ர கவனக்குறைவால் நடந்த விபத்து. குடும்பத்துக்கு ஆர்மேலையும் முறைப்பாடு இல்லை."

"அவர் குடுத்திருக்கமாட்டார்," என்றாள் செல்வநாயகி.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். பாரத்தைக் கொண்டுவந்து காட்டிப்போட்டாங்கள். முப்பது வருஷமாய் அவரின்ர கையெழுத்தைப் பார்க்கிறன், எனக்குத் தெரியாதே? அவரின்ர கையெழுத்துத்தான்."

"அவர் போட்டிருக்கமாட்டார், அண்ணை. அடி வாங்கிக்கொண்டு வந்து பல்வலி எண்டு சொன்ன மனுசன்."

"அப்ப வேற ஆர் போட்டது, சொல்லு பார்ப்பம்?"

செல்வநாயகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் பார்வை அப்புத்துரையின் கையிலிருந்த பேனாவில் நின்றது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து அறை வாசலுக்குப் போனது. மகள் கண்ணாடியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். "அம்மா, அப்பா இல்லை. நான்..."

"நீதான் போடவேணும்," என்றாள் செல்வநாயகி அவசரமாக. "எனக்கு ஏலாது. பெரியப்பா சொல்லுற இடத்திலை போடு. வேற ஒண்டும் சொல்லாதை." பிறகு குரலைத் தாழ்த்தி அப்புத்துரையிடம், "அவர்தான் போட்டவர். காய்ச்சலிலை போட்டிருப்பார்," என்றாள்.

அப்புத்துரை காகிதத்தைப் பெட்டியின் மேல் விரித்தார். பேனாவை நீட்டினார். கனகேஸ்வரி வந்து குனிந்தாள். முழுவதையும் ஒருமுறை வாசித்தாள். கடைசி வரியை இரண்டு முறை வாசித்தாள். பேனாவை வாங்காமல் வலது கையை விரித்து நீட்டினாள்.

"விரல் வைக்கிறன்," என்றாள்.

"கொன்வென்ட்டில படிச்ச பிள்ளை கைநாட்டோ? ஊர் சிரிக்கும்," என்றார் அவர்.

"அவளுக்குக் கை நடுங்குது, அண்ணை. விரலையே வைக்கட்டும்," என்றாள் செல்வநாயகி.

கை நடுங்கவில்லை. அப்புத்துரை அதைப் பார்த்தார். பிறகு பேனாவின் கழுத்தைத் திருகி, அவள் பெருவிரலில் இரண்டு சொட்டு மை விட்டார். மை கிடைக்காத காலம். மூன்றாவது சொட்டு விழுவதற்குள் மூடிவிட்டார். அவள் விரலைக் காகிதத்தில் வைத்து அழுத்தினாள். அவர் அதைக் காற்றில் ஆட்டிக் காயவைத்துக்கொண்டு வெளியே போனார்.

செல்வநாயகி எழுந்து மகளின் கையைப் பிடித்தாள். சேலைத் தலைப்பை எச்சில் தொட்டு அந்தப் பெருவிரலைத் துடைத்தாள். தலைப்பு நீலமானது, விரல் வெளுக்கவில்லை. இன்னும் ஒரு முறை துடைத்தாள். கையை விட்டாள்.

நான்கு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். இப்ராஹிமால் தூக்க முடியவில்லை, பக்கத்தில் நடந்தான். மூலையில் பிடி சரியாகக் கிடைக்காமல் பெட்டி சாய்ந்தது. கனகேஸ்வரி ஓடிப்போய் அடியில் கை கொடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. படிகளில் இறங்கி வாசல்வரை தாங்கிக்கொண்டு போனாள். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. யாரோ ஒருவர் அவள் கையை விலக்கித் தன் தோளைக் கொடுத்தார்.

லாரி கிளம்பியது. பின்கதவு இல்லாத லாரி. பெட்டியின் வெள்ளைப் பலகையில், அவள் பிடித்திருந்த மூலையில், ஒரு பெருவிரல் அளவுக்கு நீலம் ஒட்டியிருந்தது. தெருமுனை திரும்பும்வரை அது தெரிந்தது.