உள்ளங்கை அளவு துரு

கிறிஸ்புலோ மணல் பீய்ச்சித் துருவெடுத்த வீடுகளில் குடியிருப்பவர்கள், வேலை முடிந்த மறுநாள் காலையில் அவனை அடியோடு மறந்துவிடுவார்கள். எஸ்தான்சியா என்கிற அந்த மீன்பிடி ஊரில் இது எல்லோரும் அறிந்த விஷயம்; உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் போல இதையும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தள்ளுவண்டியில் கம்ப்ரஸரை இழுத்து வருவான், முகமூடியை மாட்டுவான், குழாயிலிருந்து மணல் சீறும். மாடிப்படிக் கைப்பிடியும் கிராதியும் புதுசாய் வெளியே வரும். மூலைமுடுக்குகளை உப்புத்தாள் கொண்டு கையாலேயே தேய்ப்பான். அடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்து வைத்திருந்து கூப்பிடுவதால் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அப்படியே தெருத்தெருவாக, அவனை நினைவில் வைத்திருக்கும் ஊர் முடிந்துகொண்டு வந்தது. ஞானஸ்நான விருந்துக்கு அவனை அழைக்க ஆளில்லாமல் போனது. சொந்த அண்ணன் வீட்டு ஜன்னல்களைத் தேய்த்துக் கொடுத்த மறுநாள், அண்ணன் வாசலில் நின்று, "யாருங்க வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டான். "வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு கிறிஸ்புலோ திரும்பிவிட்டான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கருவாடு போடும் இலுமினாடா, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அவளுடைய இரும்புக் கேட்டுக்காக அவன் வந்தபோது காபியோடு எதிரே வந்து நின்று, அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நோங் என்று கூப்பிட்டாள்.

"முகமூடியக் கழட்டுங்க நோங். நாளைக்கு மறக்கப்போற மூஞ்சி, இன்னைக்காவது பாத்துக்கறேன்."

அவன் கழற்றினான். அன்று சாயங்காலம் கீழ்க் கீல் பக்கத்தில் உள்ளங்கை அளவு துருவை விட்டுவிட்டு வண்டியில் சாமான்களைக் கட்டினான். "அங்க மிச்சம் இருக்கே?" என்றாள். "மணல் தீந்துபோச்சு, இண்டாய்" என்றான், பெண்களைச் செல்லமாக அழைக்கும் அந்த ஊர் வழக்கில். மறுநாள் அவள் மறக்கவில்லை. கடற்கரையில் மணல் தீர்ந்துபோன கதையைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். மழைக்காலம் முடிந்ததும் இருவரும் மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார்கள்.

ஆறு வருடம் நன்றாகப் போனது. துரு மட்டும் சும்மா இருக்கவில்லை. கீலைத் தின்று கேட்டைச் சாய்த்தது. புயல் வந்தால் அது பிய்ந்து, தெருவில் போகிற யார் மேலாவது விழும் என்று இலுமினாடா பயந்தாள்.

"நீங்க தேய்ச்சாத்தானே எனக்கு மறக்கும்? நானே தேய்க்கிறேன்."

"கைய வைக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான் அவன்.

அவன் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போயிருந்தபோது அவள் உப்புத்தாளை எடுத்தாள். விரல் நுனி சிவக்கும்வரை தேய்த்தாள். கொல்லரை வரவழைத்து வேறு கீல் வைத்தாள். அன்று சாயங்காலமே அவன் திரும்பி வந்து கேட்டைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க பேரு கிறிஸ்புலோ. குறட்டை விடுவீங்க. கணவாய் மீன்னா உயிரு. போதுமா? எதுவும் மறக்கல." அன்று கணவாய் சுட்டுச் சாப்பிட்டார்கள். அவன் அவ்வளவு சிரித்து அவள் பார்த்ததில்லை.

விடிந்ததும் கிறிஸ்புலோ தெரியாத ஒரு வீட்டில் கண் விழித்தான். அடுப்பங்கரையில் ஒரு பெண் பூண்டுச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். தலையைச் சரிசெய்துகொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"மன்னிக்கணும். நான் இங்க எந்த வேலைக்கு வந்தேன்?"

கரண்டி நின்றது. இந்தத் தடவை தேய்த்தவள் அவள்; மறந்தவன் அந்த வீட்டில் குடியிருப்பவன். திரும்பியபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"கேட் வேலைக்கு, நோங் கிறிஸ்புலோ. அது முடிஞ்சுபோச்சு. உக்காந்து சாப்பிடுங்க."

வேலை முடிந்த வீட்டில், மறுநாள் காலையில், தன் பேரை ஒருவர் சொல்லி அவன் கேட்டதே இல்லை. உட்கார்ந்தான். காபியை மெதுவாகக் குடித்தான். மனசு நிறைந்துபோய், இந்த வீட்டில் இன்னும் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டான்.

"நிறைய இருக்கு. எதையும் அவசரமா முடிக்க வேணாம்" என்றாள் அவள்.

பின்கட்டு அறையில் அவனுக்குப் பாய் போட்டுக் கொடுத்தாள். நடந்ததை அறிந்த அக்கம்பக்கத்தார், ஊருக்குப் புதிதாக வந்தவனை விசாரிப்பதுபோல அவனை விசாரித்துவிட்டுப் போனார்கள். அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டான், யாரும் திருத்தவில்லை.