நாற்பத்தொன்பது முக்கூடல்

சுகாசினி வரைந்த படத்தில் மூன்று ஆறுகள் இருந்தன. நடுவில் பாலாறு, இடப்பக்கம் செய்யாறு, வலப்பக்கம் வேகவதி. மூன்றும் வளைந்து வந்து ஓரிடத்தில் சேர்ந்து, மறுபடி பிரிந்து மேலே போகும். ஒரு படம் கட்டைவிரல் அகலம்தான். அதன் பக்கத்தில் அதே படம், அதற்கும் பக்கத்தில் அதே. சேலையின் உடல் முழுக்க இப்படியே நிரம்பி, இரண்டு ஓரத்திலும் ஆறுகள் பார்டரைத் தொட்டு நிற்க வேண்டும். அவள் கேட்டது அதை மட்டும்தான்.

அது அவளுடைய கல்யாணச் சேலை.

சுகாசினிக்கு ஊர் மாகறல். அவள் அம்மா சம்பூர்ணம் ஒரு காலத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். இப்போது ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறார். மகள் எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போட்டு, அதைத் தறிக்குச் சொல்லும் துளைபோட்ட ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுக்கிற கடை. யார் யார் கல்யாணத்துக்கோ அவள் போட்ட மயில்களுக்கும் அன்னங்களுக்கும் கணக்கில்லை. எல்லாம் பழைய சேலையை நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் போட்டவை. தனக்காக அவள் போட்ட முதல் டிசைன் இந்த மூன்று ஆறு. கட்டிக்கொள்ளப் போகிற கமலை அவள் முதலில் பார்த்தது அந்த மூன்று ஆறும் சேருகிற திருமுக்கூடலில்தான் என்று என் மனைவி இளவரசி சொல்கிறாள். நான் கேட்டதில்லை.

எனக்குப் பேச்சு குறைவு. உடலையும் பார்டரையும் தனித்தனியாக ஓட்டிப் பின்னுகிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலில் ஊடு நூலை ஓட்ட ஒரு நாடா, பார்டருக்குத் தனி நாடா. நடுவில் நான் உட்காருவேன், வலப்பக்கம் இளவரசி. அவள் பேசுவாள், நான் நெய்வேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு நன்றாகவே போகிறது.

என் மௌனத்துக்குள் ஏதோ பெரிய யோசனை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எண்கள்தான் இருக்கும். கிளை நூலகத்தில் எடுத்த ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒன்பதில் முடிகிற ஓர் எண்ணால் இன்னோர் எண் மீதியில்லாமல் வகுபடுமா என்று தெரிய, வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதைச் சில மடங்காக்கி, மிச்சமிருக்கிற எண்ணோடு கூட்ட வேண்டும். பத்தொன்பது என்றால் இரண்டு மடங்கு, இருபத்தொன்பது என்றால் மூன்று, முப்பத்தொன்பது என்றால் நான்கு. கிடைத்த எண் பெரிதாக இருந்தால் மறுபடியும் அதே வெட்டல், அதே கூட்டல். கடைசியில் வருவது வகுபட்டால் முதல் எண்ணும் வகுபடும். தெருவில் போகிற வண்டிகளின் நம்பரை எல்லாம் இப்படிச் சோதித்துக்கொண்டிருப்பேன். வகுபட்டால் காரணமில்லாமல் ஒரு நிம்மதி வரும். அதற்குமேல் அதனால் ஒரு பயனும் இருந்ததில்லை.

சுகாசினி படம் வரையத் தொடங்கும் முன் என்னிடம் கேட்டாள். "உடல்ல எத்தினி இழைண்ணா?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி எண்பது" என்றேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் ஒரு படத்துக்கு அறுபது இழை என்று வைத்துக்கொண்டு வரைந்தாள். நாற்பத்தெட்டு படம், சரியாக முடிந்துவிடும்.

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியிலிருந்து இறங்கும் கயிறுகளைப் படத்துக்குத் தக்கபடி இழைகளோடு கட்டித் தருகிறவர் முருகேசன். அவர் கட்டிவிட்டுப் போய்விட்டால் அவிழ்த்துக் கட்டுவது பெரும்பாடு. மறுநாள் காலை வருவதாக இருந்தவர் போன் செய்தார். "ஜெயக்குமாரு, இழைய எண்ணி வையிப்பா. வாயால சொல்ற கணக்க நான் நம்ப மாட்டேன்."

எண்ணினேன். இழைகளை ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணியதில் 2891 வந்தது. நம்பாமல் இளவரசியை அந்தப் பக்கத்திலிருந்து எண்ணச் சொன்னேன். அவளுக்கும் 2891.

அப்போதுதான் காவல் இழை ஞாபகம் வந்தது. கோர்வைச் சேலையில் உடலும் பார்டரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தில் இழுப்பு அதிகம், இழை அறுந்துபோகும். அதனால் எங்கள் வீட்டில் தறியில் நெடுக்கு இழையான பாவு பிணைக்கும்போதே இடப்பக்கம் ஐந்து இழை, வலப்பக்கம் ஆறு இழை என்று கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். இளவரசி நாடாவை வெடுக்கென்று இழுப்பாள், அதற்காக அவள் பக்கம் ஒன்று அதிகம். உடலின் நிறமேதான், தனியாகக் கண்ணில் படாது. கை தானாகச் சேர்த்துவிடும், வாய் கணக்கில் சொல்லாது. அங்கங்கே சின்னப் பூவாகப் புட்டா போட்ட சேலையில் ஓரத்தில் நாலைந்து இழை வெறுமையாகக் கிடந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இந்தப் படத்தில் ஆறுகள் ஓரம்வரை போயாக வேண்டும்.

இளவரசி போன் செய்ததும் சுகாசினி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"இன்னாக்கா, இப்பிடி அவசரமா கூப்புட்றீங்க? தறி எரிஞ்சா போச்சு?"

"வாயக் கழுவுடி. எரியல ஒண்ணும். பதினோரு இழை ஜாஸ்தியா இருக்குது."

நான் காவல் இழையைப் பற்றிச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவள் தறியருகே குந்தி உட்கார்ந்து, இடது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப ஆறு பார்டரத் தொடாதா?"

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் வெறுமனே நிக்கும்" என்றேன்.

"ஒரு அரிசி அகலம் வருமாடி அது? எவ கண்ணுக்குத் தெரியப்போவுது?" என்றாள் இளவரசி.

"என் கண்ணுக்குத் தெரியும்கா. கல்யாணத்தன்னிக்கு நான் அந்த ஓரத்தையேதான் பாத்துக்கினு இருப்பேன்."

"பக்கத்துல கமலு நின்னுக்கினு இருப்பான். அவனப் பாரு."

"அவன எப்ப வேணா பாத்துக்கலாம்."

இளவரசி சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "இன்னாங்க, அந்தப் பதினொண்ணையும் உருவிப்புட்டா?"

நான் தலையசைத்து மறுத்தேன். உருவினால் கோர்வை ஒரு வருஷம் தாங்காது. சுகாசினிக்கும் அது தெரியும். "வேணாம்கா, கிழிஞ்சிபூடும்" என்று அவளே சொன்னாள். ஆனால் கையில் சுருட்டி வைத்திருந்த படத்தை அவள் விரிக்கவே இல்லை.

நான் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன். இழையைக் குறைக்க முடியாது. படத்தின் அகலத்தைத்தான் மாற்ற வேண்டும். 2891-ல் மீதியில்லாமல் போகிற எண் எது? இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. எனக்குள் எண் ஓடத் தொடங்கியிருந்தது.

"அண்ணன் கோவமா கீறாராக்கா?"

"அதெல்லாம் இல்ல. போன தபா இப்பிடித்தான் எதையோ பாத்துக்கினே உக்காந்துக்கினு இருந்தாரு. எனக்கு பயமாப் பூடுச்சி. கடைசியா வாயத் தொறந்து, 'பால் பொங்குது'ன்னாரு. அது பொங்கி, வழிஞ்சி, அடுப்பே அணைஞ்சிபோச்சி."

இருபத்தொன்பதில் ஆரம்பித்தேன். கடைசி இலக்கம் ஒன்று, மும்மடங்கு மூன்று. 289-உம் மூன்றும் 292. அதில் கடைசி இரண்டை வெட்டி மும்மடங்காக்கினால் ஆறு. 29-உம் ஆறும் 35. போகாது. முப்பத்தொன்பதுக்கு நான்கு மடங்கு: 293, பிறகு 41. அதுவும் போகாது. நாற்பத்தொன்பதுக்கு ஐந்து மடங்கு. 289-உம் ஐந்தும் 294. கடைசி நான்கை வெட்டி ஐந்து மடங்காக்கினால் இருபது. 29-உம் இருபதும் 49.

நாற்பத்தொன்பதே வந்து நின்றது. வண்டி நம்பர் வகுபடும்போது வருகிற அதே நிம்மதி வந்தது.

"நாப்பத்தொம்போது" என்றேன். "படத்த நாப்பத்தொம்போது இழைக்கு வரைஞ்சிடு. ஓரத்துல ஒண்ணும் நிக்காது."

சுகாசினி ஒரு கணம் மலர்ந்தாள். பிறகு படத்தை விரித்து, கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டே போய் நிறுத்தினாள்.

"அறுபதுலேர்ந்து பதினொண்ணு எடுத்தா வேகவதி போயிடும்ணா."

"அது போயி எவ்ளோ நாளாச்சி! மழை வந்தாத்தான் அதுல தண்ணியே" என்றாள் இளவரசி.

"வெளையாடாதீங்கக்கா. ரெண்டு ஆறு வந்தா அது முக்கூடலே இல்ல."

நான் எண்ணை மட்டும் பார்த்தேன். அவளுடைய ஆறுகளைப் பார்க்கவில்லை. வெளியே யாரோ ஒருவரின் மோட்டார் பம்பு ஓடி நின்றது. இந்த முறை என் மௌனத்துக்குள் எதுவுமே இல்லை.

அவள் கிளம்பப் போகிறவள்போல எழுந்தாள். வாசல்வரை போய், போனை எடுத்து, நின்றாள்.

"நாப்பத்தொம்போதுன்னா மொத்தம் எத்தினி படம் வரும்ணா?"

"தெரியலையேம்மா."

"வகுத்துத்தானே சொன்னீங்க?"

வகுக்கவில்லை. அந்தச் சோதனை மீதி உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை தடவை போகும் என்று சொல்லாது. இத்தனை வருஷத்தில் அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றியதும் இல்லை. அவள் போனில் எண்களைத் தட்டினாள். திரையைப் பார்த்தபடியே திரும்பி வந்தாள்.

"அம்பத்தொம்போது படம் வருதுண்ணா."

"சரி."

"சரியா? அண்ணா, அப்பிடியே திருப்பிப் போடுங்க. நாப்பத்தொம்போது படம். ஒரு படத்துக்கு அம்பத்தொம்போது இழை!"

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. போனை நம்பாமல் இல்லை. ஆனாலும் மனம் தானாகப் போட்டுப் பார்த்தது. ஐம்பத்தொன்பதுக்கு ஆறு மடங்கு. 289-உம் ஆறும் 295. 29-உம் முப்பதும் 59. முப்பத்தொன்பதைத் தாண்டி நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டேன். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் நானே அங்கே போய்ச் சேர்ந்திருப்பேன். வைக்காததும் நல்லதுதான். அவள் முகம் அப்போது இருந்த மாதிரி இருந்திருக்காது.

"அறுபதுல ஒண்ணே ஒண்ணுதான்டி போவணும்" என்றாள் இளவரசி. "எத எடுப்ப?"

சுகாசினி படத்தைத் தரையில் பரப்பினாள். மூன்று ஆறுகளும் சேருமிடம் இரண்டு இழை அகலத்தில் இருந்தது.

"இது மொதல்ல ஒத்த இழைதான்கா. ஒண்ணா வரைஞ்சா கண்ணுக்கே தெரியாதோன்னு ரெண்டாக்குனேன். கணக்கும் அறுபதுன்னு அழகா வந்துடுச்சி. எடுத்தா இதத்தான் எடுக்கணும். ஆனா தெரியணுமே?"

இளவரசி ஊசியில் ஜரிகை கோத்தாள். தறியின் தொடக்கத்தில் விரலளவு வெறும் துணி நெய்து வைத்திருந்தோம். அதில் ஒரே இழையின் மேல் ஜரிகையை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, ஒரு சிறு கோடாகத் தைத்தாள். கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருந்தது.

"போ, போயி வாசல்ல நின்னு பாரு."

சுகாசினி வாசலுக்குப் போனாள். ஒரு பக்கம் தலையைச் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள்.

"தெரியுதுக்கா. ரெண்டா வரைஞ்சதவிட நல்லாத் தெரியுது."

மறுநாள் காலை முருகேசன் வந்து, கணக்கைக் கேட்டு, கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"அம்பத்தொம்போதா? எவன்யா இத வரைஞ்சது?"

"நான்தான்" என்றாள் சுகாசினி. முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அறுபதுன்னா கண்ண மூடிக்கினு கட்டிடுவேனேம்மா. ஒரு இழையச் சேத்துக்கினா கொறைஞ்சா பூடுவ?"

"சேத்தா ஓரத்துல நிக்கும்ணா."

"நிக்கட்டுமே, அதுக்கின்னா கால் வலிக்குதா?" என்று முனகிக்கொண்டே கட்ட ஆரம்பித்தார். முடிக்கும்வரை அந்த எண்ணைத் திட்டிக்கொண்டேயிருந்தார். ஆனால் கடைசிக் கயிற்றைக் கட்டிவிட்டு, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கண்டதும், "பரவால்லியே" என்றார்.

அட்டைகள் வந்தன. ஒரு சாண் நெய்ததும் அவளைக் கூப்பிட்டோம். மூன்று ஆறுகளும் அரக்கு நிறத்தின் மேல் ஜரிகையாக ஓடிக்கொண்டிருந்தன. சேருமிடங்கள் ஒற்றை இழையில் மினுங்கின. அவள் நடுவைப் பார்க்கவில்லை. நேராக இடது ஓரத்தில் குனிந்தாள். பிறகு எழுந்து தறியைச் சுற்றி வந்து வலது ஓரத்தில் குனிந்தாள். ஆறு இரண்டு பக்கமும் பார்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. காவல் இழைகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. எவை என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியாது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சுகாசினி போனில் படம் எடுத்துக் கமலுக்கு அனுப்பினாள். அவனுடைய குரல் பதிவு உடனே வந்தது. எல்லோரும் கேட்கும்படியே போட்டாள்.

"இன்னா, ஓரத்த மட்டும் எடுத்து அனுப்பிச்சிக்கிற? அங்க இன்னா இருக்குது?"

அவள் சிரித்தபடி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஒண்ணும் இல்ல, கமல். நல்லாப் பாரு. அங்க ஒண்ணுமே மீதி இல்ல."