பேச்சுத்துணை

என் புருஷன் ஏகாம்பரம் ஓட்டுகிற லாரியை ஒரு விதத்தில் நானும் சேர்ந்துதான் ஓட்டுகிறேன். அவர் நாசிக்கிலோ நாக்பூரிலோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குள் நின்று, மலைக்குப் போகிற ஜனங்கள் படுத்து எழுந்த விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். காதில் ஹெட்போன். மாதத்தில் இருபத்திரண்டு நாள் அவர் ரோட்டில் இருப்பதால், அவர் லாரி ஓட்டப் போன இந்தப் பதினோரு வருஷமாக எங்கள் குடித்தனம் முக்கால்வாசி அந்த வயரில்தான் நடக்கிறது.

கரகம்பாடி ரோட்டில் எங்கள் தெருவில் லாரிக்காரர் வீடுகள் அதிகம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எந்த வீட்டுக்குப் போனாலும் பொம்பளைகள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது போல் இருக்கும். சாப்பிட்ட பிறகு டிரைவருக்குக் கண் சொக்கும் நேரம் அது. அப்போது பெண்டாட்டி பேச வேண்டும். என்ன பேசுவது என்று கணக்கெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் பேச ஒன்றும் இல்லாவிட்டால் கரண்டு பில்லைப் படித்துக் காட்டுவாள். எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. வாய் நிறையப் பேச்சு வைத்திருக்கிறேன் என்று என் மாமியார் பெண் பார்க்க வந்த அன்றைக்கே குறைப்பட்டாள்.

பேச்சோடு புத்திமதியும் உண்டு. தயிர் சாதம் துன்னாதே, தூக்கம் வரும். பச்சை மிளகாய் கடி. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள். ஒன்றுக்கு வருகிறதென்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, ஏற்கெனவே கிட்னியில் கல். இரண்டு மணிக்கொரு தரம் இறங்கி இடுப்பை நிமிர்த்து. இப்படி எனக்குத் தெரிந்தது, ரோட்டோர டீக்கடையில் அவர் கேட்டது, போனில் வந்தது என்று எல்லாம் சேர்த்து வைத்திருந்தோம்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருகிறார். கர்னூலுக்கு முன்னால் டயர் வெடித்து அரை நாள் போய்விட்டது. அந்த அரை நாளைத் தூக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். சித்தூர் மார்க்கெட்டுக்கு மறுநாள் விடிகாலையில் போனால் போதும். ஆனால் சாயங்காலமே வீட்டுக்கு வந்து, குளித்து, சுடச்சுடச் சாப்பிட்டு, சொந்தப் பாயில் படுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். குரல் காய்ந்து கிடந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு விரிப்பை இரண்டு தரம் தேய்த்தேன், இன்னொன்றைத் தேய்க்காமலே மடித்து வைத்தேன். என்கூட வேலை செய்கிற நீரஜா பேசாமல் அதைப் பிரித்து மறுபடி என் முன்னால் போட்டாள்.

"எங்க கீற, பிரித்திகா நைனா?" என்றேன். எங்கள் பெண் பிறந்ததிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"ராஜம்பேட்டை தாண்டிட்டேன்."

"இன்னா துன்ன?"

"தயிர் சாதம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்? சின்னப் பிள்ளையா நீ?"

"இந்த வெயில்ல வேற இன்னா எறங்கும்? கத்தாதமே. இல்ல, கத்து. கத்துனா தூக்கம் வர்ல."

சரி என்று கத்தினேன். அப்புறம் பிரித்திகாவின் பாலிடெக்னிக் கதை, தண்ணீர் வராத கதை, லாட்ஜ் சூப்பர்வைசர் சுரேஷ்பாபு நாற்பது ரூம் விரிப்பை மூன்று மணிக்குள் கேட்கிற அக்கிரமம் என்று வரிசையாக வந்தேன். முதலில் சிரித்தார். பிறகு "அப்டியா" என்றார். பிறகு "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். என்ஜின் சத்தம் ஒரே சீராக, டாப் கியரில், என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கோடூர் வந்துட்சா?"

"ம்."

"தார்ப்பாய் ஒழுங்கா கட்டிக்கீறியா? வெங்காயம் வெந்துடப் போவுது."

"ம்."

"கட்டிக்கீறியா, கட்டலியா?"

"ம்."

என் கை நின்றது. அந்த மூன்று "ம்"மும் ஒரே அளவாக இருந்தன. நான் மூச்சு விட நிறுத்துகிற இடத்தில் கரெக்டாக வந்து விழுந்தன. கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"நம்ம வூடு பத்திக்கினு எரியுது," என்றேன்.

"ம்."

"நான் சுரேஷ்பாபுவோட ஓடிப் போவப் போறேன்."

"ம்."

நீரஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுரேஷ்பாபுவின் பெயரைச் சொன்னாலே ஏகாம்பரத்துக்கு ஆகாது என்று அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு போய்விட்டது. அவர் தூங்குகிறார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினாறு டன் வெங்காயத்தோடு, காட்டு ரோட்டில் தூங்கிக்கொண்டே வருகிறார்.

கத்தலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை மூடினேன். ரமணா ஞாபகம் வந்தது. அவரும் இவரோடு வண்டி ஓட்டியவர். பீலேர் ரோட்டில் தூங்கிப்போனவரைப் பக்கத்தில் இருந்தவன் "அண்ணா!" என்று உலுக்கியிருக்கிறான். பதறி ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். லாரி மாந்தோப்புக்குள் போய்ப் படுத்தது. இப்போது ஒரு காலை இழுத்துக்கொண்டு ரேணிகுண்டாவில் பஞ்சர் ஒட்டுகிறார். ஓட்டத்தில் தூங்குகிறவனை உலுக்கக் கூடாது என்று இவரே எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார். உலுக்காமல் எப்படி எழுப்புவது என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

அவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்துக் காலி மனையில் ரிவர்ஸ் எடுப்பார். பின்னால் நின்று பாடியைத் தட்டிச் சொல்கிறது நான்தான். என் கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார், அவர் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். தட்டுகிற சத்தத்துக்கும் என் குரலுக்கும் அவர் கால் தானாக வேலை செய்யும்; மெல்ல என்றால் தளரும், ஓல்டான் என்றால் பிரேக்கை மிதிக்கும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இஸ்திரி மேஜையைக் கையால் மெல்லத் தட்டினேன்.

"வரட்டும்... வரட்டும்..."

"ம்."

"மெல்ல வரட்டும். லெஃப்ட்ல ஒடி. லெஃப்ட்டு, லெஃப்ட்டு. மெல்ல..."

தொட்டிலில் பிள்ளையைத் தாலாட்டுகிறவள் மாதிரி சொன்னேன். என்ஜின் சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி சொன்னேன். நீரஜா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஏதோ பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது கேட்டது.

அப்போது சத்தம் ஒரு படி இறங்கியது. அவர் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. இன்னொரு படி இறங்கியது. சக்கரத்தடியில் ஜல்லி நொறுங்கியது. ரோட்டை விட்டு ஓரத்துக்கு வந்துவிட்டார்.

"வரட்டும், வரட்டும்..." மேஜையில் இரண்டு தட்டு தட்டினேன். "ஓல்டான்!"

பிரேக் புஸ்ஸென்று காற்று விட்டது. என்ஜின் மட்டும் சும்மா முனகிக்கொண்டு நின்றது.

"இன்னாமே?" என்றார் அவர். இது வேறு குரல். முழித்த குரல். "எதுக்கு ஓல்டான் சொன்ன? வூட்டாண்ட யார்னா வண்டி வுடறானா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்க கீற நீ?"

"இரு." கண்ணாடியை இறக்குகிற சத்தம் கேட்டது. "பாலபல்லி போர்டு தெரியுது. சுத்தி காடு." குரல் இறங்கிப்போனது. "கோடூர் எப்போ போச்சு?"

கோடூரில் ரோட்டோரம் பழ வண்டிகள் நிற்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் குறுக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அந்த ஊர் வழியாக வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"சரி வுடு," என்றார் கடைசியில். "முப்பது கிலோமீட்டர்தான். நீ பேசிக்கினே இரு, வந்துடறேன்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாங்கள் சேர்த்து வைத்த புத்திமதி எல்லாம் தூங்காமல் இருப்பதற்குத்தான். தூங்கு என்று ஒன்றுகூட இல்லை. நான் பேசுகிறேன் என்ற தைரியத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் நிறுத்தாமல் வந்திருக்கிறார். பதினோரு வருஷம் அவரைக் காப்பாற்றிக்கொண்டு வருவதாக எண்ணிக்கொண்டிருந்தேனே, பாவி.

"என்ஜினை ஆஃப் பண்ணு," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பண்ணு. சாவியை எடு. பார்க்கிங் லைட்டைப் போடு. எறங்கி சக்கரத்துக்குக் கட்டை வை. அப்பறம் படு."

"வூடு கிட்ட வந்துட்டு ரோட்ல படுக்கச் சொல்றியா? பைத்தியமா உனக்கு?"

"வூடு கிட்ட வந்துதான் எல்லாரும் போய்ச் சேர்றான். படுக்கலன்னா நான் இந்த ஜென்மத்துல போன் எடுக்க மாட்டேன்."

முணுமுணுத்தார். திட்டினார். கதவு திறந்து மூடிய சத்தம், கட்டையைத் தள்ளுகிற சத்தம் எல்லாம் கேட்டது. போனைக் கட் பண்ணாமல் பக்கத்தில் வை என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, குறட்டை வந்துவிட்டது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குறட்டையைக் கேட்கக் கேட்க நிம்மதி வர வேண்டும், வரவில்லை. பழைய "ம்" எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. என் அம்மா செத்த சமயத்தில் ஒரு வாரம் அழுது அழுது பேசினேனே, அதற்கு "ம்" என்றது முழித்துக்கொண்டா, தூங்கிக்கொண்டா? எனக்கு மாரில் கட்டி என்று பயந்து சொன்னபோது "ம்" என்றாரே, அது? இத்தனை நாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு, அந்த ஒவ்வொரு "ம்"முக்கும் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பாலம், ஒரு பள்ளிக்கூட பஸ் இருந்திருக்குமே என்றும் தோன்றியது.

மூன்று மணிக்கு சுரேஷ்பாபு படியேறி வந்தார். "ஏமம்மா யசோதா, ஷீட்லு ஏவி? கிந்த யாத்ரிகுலு நில்சுன்னாரு!" விரிப்பு எங்கே, கீழே ஜனம் காத்து நிற்கிறது என்று தெலுங்கில் ஆரம்பித்தார். நான் எழுந்து அவர் வாய்க்கு நேராகக் கையைக் காட்டினேன். நீரஜா அவரை ஓரமாகக் கூட்டிப் போய்த் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்து நீரஜாவோடு மடிக்கத் தொடங்கினார். இத்தனை நாள் அவரைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஏகாம்பரம் தானாகவே எழுந்தார். முகம் கழுவினார். "தலை தெளிஞ்ச மாதிரி கீது," என்றார்.

"நல்லா கேட்டுக்கோ. இனிமே ஓடற வண்டில நான் பேச மாட்டேன். தூக்கம் வந்தா நிறுத்து, தூங்கு. வண்டி நின்னா மட்டும் பேசு."

கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை.

"தூக்கத்துக்கு மட்டுமா உன்னைப் பேசச் சொன்னேன்?" என்றார். "அவ்ளோ பெரிய ரோட்ல நான் ஒத்தையா கீறேன் யசோ."

அவர் சாவியைத் திருகினார். என்ஜின் பிடித்தது. நான் கட் பண்ணினேன். பண்ணின விரலை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

அப்புறம் நான் பட்டது சொல்லி மாளாது. இஸ்திரிப் பெட்டியை எடுப்பேன், வைப்பேன், போனைப் பார்ப்பேன். இருபது நிமிஷத்தில் மணி அடித்தது.

"மாமண்டூர்ல நிறுத்திட்டேன். ஓரங்கட்டி, லைட் போட்டுக்கீறேன். சொல்லு."

"இன்னா சொல்றது?"

"எதுனா."

ஐந்து நிமிஷம் பேசினோம். வைத்தார். நான் வேலை முடித்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது இன்னொரு தரம் வந்தது, டீக்கடை என்றார். அடுத்தது பெட்ரோல் பங்க். முக்கால் மணி நேரத்து ரோட்டுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறரை மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி மணி.

"இப்ப எங்க?"

"காலி மனைல."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். லாரி வந்து நின்றிருந்தது. என்ஜின் நின்றுவிட்டது. கேபினில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அப்பறம் இன்னாத்துக்கு போன் பண்ற? எறங்கி வாய்யா, சோறு ஆறிடும்."

"வந்தேன்னா படுத்துடுவேன் யசோ. எப்பவும் அப்டிதானே? துன்னுட்டுப் படுப்பேன், எழுந்து போய்டுவேன். நீ பேசறது இன்னிக்கும் காதுல வுழாது." சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. "இன்னிக்கு முழிச்சிக்கினு கேக்கறேன்."

சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டேன். குழம்பை அதன் மேலேயே ஊற்றினேன். மனையைத் தாண்டிப் போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரிப் படியில் கால் வைத்து ஏறினேன். அவர் பக்கத்து சீட்டில் கிடந்த ஈரத் துண்டையும் தண்ணீர்க் கேனையும் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றேன்.

"உங்க அம்மா போனப்பவிருந்து," என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.